தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்

மார்கழி மாதம், காலை ஐந்தரை மணி. தாராவியிலிருந்து சயான் ஸ்டேஷனை நோக்கி வரும் சந்துகளில் ரப்பர் ஹார்ன் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும். பாம், பாம். இட்லிக்காரர்கள் புறப்பட்டுவிட்டார்கள். இரவு இரண்டு மணிவாக்கில் அடுப்பைப் பற்றவைத்து, ஈடு ஈடாக இறக்கி, அகலமான அலுமினியப் பாத்திரத்தில் துணி விரித்து அடுக்கி, ஓரத்தில் வடைகளைச் சொருகி மூடியாகிவிட்டது. சிலர் சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றிக்கொள்கிறார்கள். சிலர் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொள்கிறார்கள். ஹேண்டில்பாரில் சட்னித் தூக்கு ஆடுகிறது. பெரும்பாலும் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் பக்கத்து ஆட்கள். வெயில் ஏறுவதற்குள் விற்றுத் தீர்த்தாக வேண்டும். இட்லி தாங்கும், சட்னி தாங்காது.

மும்பையைக் காலால் அறிந்தவர்கள் என்று யாரையாவது சொல்லவேண்டுமானால் இவர்களைத்தான் சொல்லவேண்டும். எந்தக் கட்டடத்து வாட்ச்மேன் உள்ளே விடுவார், எந்த நாக்காவில் டாக்ஸிக்காரர்கள் காலையில் கூடுவார்கள், எந்தத் தெருவில் நின்றால் விரட்டுவார்கள் என்பதெல்லாம் இவர்களுக்கு மனப்பாடம். மத்திய ரயில்வே தண்டவாளத்தை இவர்கள் தினமும் தாண்டுகிறார்கள். தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம், மாட்டுங்காவில், மூன்று நான்கு தலைமுறையாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேர் ஒருமுறையாவது எதிர்த்திசையில் தாண்டிப் போயிருப்பார்கள்?

"மும்பைக்கு ஏது குளிர்காலம்?" என்று சென்னைக்காரர்கள் கேட்பதுண்டு. உண்மையில் சென்னையைவிட இருக்கிறது. ஜனவரியில் மும்பைப் புறநகரின் குறைந்தபட்ச வெப்பநிலை சராசரியாகப் பதினேழு டிகிரியை ஒட்டி வரும். சென்னையில் அது இருபத்தொன்றை ஒட்டியே நிற்கும். 1962 ஜனவரி 22 அன்று சாந்தாகுரூஸில் 7.4 டிகிரி பதிவானது. அந்தச் சாதனை இன்னும் உடையவில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அக்டோபரில் புழுக்கம், மார்ச் தொடங்கினால் வியர்வை. டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி தொடக்கம் வரை ஆறேழு வாரம்தான் இந்த ஊர் நடப்பவர்களுக்குத் தன்னைத் திறந்து விடுகிறது.

அதிலும் ஒரு சங்கடம் உண்டு. குளிர்காலத்தில் கடற்காற்று தளர்ந்துவிடுவதால் கட்டுமானத் தூசியும் வாகனப் புகையும் தாழ்வாகவே தங்கிவிடுகின்றன. நடக்க இதமான மாதங்களும் மூச்சுவிடச் சிரமமான மாதங்களும் ஒன்றேதான். ஆஸ்துமா உள்ளவர்கள் காற்றின் தரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவது நல்லது.

இந்த வாரங்களில் மும்பையில் 'ஹெரிட்டேஜ் வாக்' என்ற பெயரில் நடக்கும் நடைப்பயணங்களுக்குக் குறைவில்லை. பெரும்பாலும் தெற்கே. கோட்டை, கொலாபா, மரைன் டிரைவ், சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ். டெர்மினஸ் 2004-லும், ஓவல் மைதானத்தைச் சுற்றியுள்ள விக்டோரிய, ஆர்ட் டெகோ கட்டடங்கள் 2018-லும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின. பார்க்கவேண்டிய இடங்கள்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தமிழ்நாட்டிலிருந்து மும்பைக்குப் போகிறவர் கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் புறாக்களோடு ஒரு படம், ஹாஜி அலி, சித்தி விநாயகர், சாயங்காலம் ஜூஹு என்று முடித்துக்கொண்டு ரயிலேறிவிடுகிறார். தன் தாத்தாவோ சித்தப்பாவோ எந்தச் 'சால்' குடியிருப்பில் எட்டுப் பேரோடு படுத்துத் தூங்கினார் என்று தேடிப் போவதில்லை. அந்தத் தேடலுக்கு ஒரு காலைப்பொழுதும் நல்ல செருப்பும் போதும்.

நடையை மாட்டுங்காவில் தொடங்குவது சௌகரியம், வயிற்றுக்கும் சேர்த்து.

மாட்டுங்கா தானாக வளர்ந்த ஊரல்ல, வரைந்து கட்டிய ஊர். 1896-ல் பம்பாயைப் பிளேக் பிடித்தது. நெரிசலான தெற்குப் பகுதிகளில் மனிதர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள், பிழைத்தவர்கள் ஊரைக் காலி செய்தார்கள். காற்றும் வெளிச்சமும் இல்லாத குடியிருப்புகள்தான் காரணம் என்று முடிவுகட்டிய அரசு 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்டை அமைத்தது. அதன் திட்டத்தில் உருவானவைதான் வட்டமான கிங்ஸ் சர்க்கிள், ஐந்து தோட்டங்கள், மரங்கள் கவிந்த நேரான தெருக்கள். சர்க்கிளுக்கு இப்போது மகேஸ்வரி உத்யான் என்று பெயர். பஸ் கண்டக்டர் உட்பட யாரும் அப்படிச் சொல்வதில்லை.

அந்தத் தெருக்களை நிரப்பியவர்களில் கணிசமானவர்கள் தஞ்சாவூரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்த பிராமணக் குடும்பங்கள். டைப்ரைட்டிங், ஷார்ட்ஹேண்ட், ஆங்கிலம் என்ற மூன்று முதல்களோடு வந்து கம்பெனிகளிலும் ரயில்வேயிலும் குமாஸ்தாவாகச் சேர்ந்தவர்கள். வந்த வேகத்தில் வேண்டியதையெல்லாம் கட்டிக்கொண்டார்கள். 1923-ல் ஆஸ்திக சமாஜம், 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம், 1952-ல் சண்முகானந்தா சபை. சபையின் அரங்கம் 1963-ல் திறந்தது, 1990-ல் தீயில் எரிந்தது, பிறகு மீண்டும் எழுந்தது. இரண்டாயிரத்து எழுநூறு பேருக்கு மேல் உட்காரும் அந்த அரங்கில் பாடாத பெரிய வித்வான்கள் குறைவு. சென்னையில் வீட்டுக்கு வீடு தெரிந்த கிரி டிரேடிங் கடை 1951-ல் தொடங்கியதும் இங்கேதான்.

வரலாற்றாசிரியர் நிகில் ராவ் மாட்டுங்காவின் அடுக்குமாடி வீடுகளைப் பற்றி 2013-ல் ஒரு புத்தகம் வெளியிட்டார். அதில் ஒரு சுவாரசியமான சங்கதி வருகிறது. கழிப்பறை வீட்டுக்குள்ளேயே அமைந்த 'ஃப்ளாட்' என்ற புதிய வகை வீடு வந்தபோது, மடி ஆசாரம் பார்த்தவர்களுக்கு அது லேசில் ஜீரணமாகவில்லை. கொல்லைக் கோடியில் இருக்கவேண்டியது அடுக்களைக்கு நாலடியில் வந்துவிட்டதே என்ற தவிப்பு. கடைசியில் சௌகரியம் ஜெயித்தது. நகரம் ஆசாரத்தைத் தளர்த்திய விதத்தை அறிய வேறு ஆராய்ச்சி வேண்டாம், மாட்டுங்காவின் பழைய ஃப்ளாட் ஒன்றின் வரைபடம் போதும்.

தெலங் ரோடு, பண்டார்கர் ரோடு பக்கம் காலை ஏழு மணிக்குப் போனால் மூக்கே வழிகாட்டும். கதம்பம், மல்லிகை, துளசி மாலை. அதற்கு அடுத்து வாழையிலைக் கட்டு, நேந்திரங்காய், முருங்கை, சேப்பங்கிழங்கு. அதையும் தாண்டினால் காப்பிக்கொட்டை வறுபடும் வாசனை. மார்கழியில் இதோடு பஜனையும் சேர்ந்துகொள்ளும். கச்சி, குஜராத்திக் குடும்பங்கள் பெருகி, தமிழ்க் குடும்பங்களின் அடுத்த தலைமுறை செம்பூருக்கும் முலுண்டுக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்ட பின்னும் கடைத்தெரு மட்டும் தமிழை விடவில்லை. குஜராத்திப் பெண்மணி 'சாம்பார் ஆனியன்' என்று கேட்டு வாங்கிப் போகிறார்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். மாட்டுங்காவின் 'மதராஸி' சாப்பாடு என்று ஊரே கியூவில் நின்று சாப்பிடுவது பெரும்பாலும் மதராஸ்காரர்கள் சமைப்பதல்ல. 1940-ல் தொடங்கிய கஃபே மெட்ராஸை நடத்துவது காமத் குடும்பம். ஸ்டேஷனை ஒட்டி 1942-லிருந்து வாழையிலையில் பரிமாறும் கிருஷ்ணா போர்டிங் உடுப்பிக்காரர் ராம நாயக் ஆரம்பித்தது. சர்க்கிளில் 1932 முதல் நிற்கும் கூலார் அண்ட் கோ இரானி ஹோட்டல். இந்த ஊரின் 'தென்னிந்தியம்' என்பதே தமிழ், மலையாளம், கன்னடம், கொங்கணி எல்லாம் ஒரே அண்டாவில் கலந்து வெந்த ஒன்று. கலக்கியதில் வெளியார் கையும் உண்டு. 1966-ல் சிவசேனை பிறந்தபோது அதன் முதல் குறி தென்னிந்தியர்கள்மேல்தான் இருந்தது. அதன் குரலாக இருந்த 'மார்மிக்' பத்திரிகை, நகரத்து அலுவலகங்களில் இருந்த தென்னிந்தியப் பெயர்களைப் பட்டியல் பட்டியலாக அச்சிட்டது. லுங்கியை விரட்டு என்று கோஷம் போட்டவர்கள் லுங்கி கட்டியவன் மாட்டுங்கா பிராமணனா தாராவித் தொழிலாளியா என்று விசாரித்துக்கொண்டு நிற்கவில்லை. அடிக்கிறவனுக்கு எல்லோரும் மதராஸிதான். பிரித்துப் பார்த்தது அடிபட்டவர்களே.

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து அம்பேத்கர் சாலையில் வடக்கே நடந்தால் அரை மணியில் சயான் ஸ்டேஷன். நடைபாதை அங்கங்கே தலைகாட்டி மறையும். மும்பையில் நடக்கும் பயணங்களில் ஏறத்தாழ பாதி கால்நடைதான் என்று போக்குவரத்து ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன; சாலை போடுகிறவர்கள் அதைப் படித்ததற்கான அடையாளம் இந்த வழியில் இல்லை. 2024 மார்ச்சில் நகரின் மேற்கே பல்லாயிரம் கோடி ரூபாய் கடற்கரைச் சாலையின் முதல் பகுதி திறக்கப்பட்டது. அதில் கார் போகலாம், ஸ்கூட்டர்கூடப் போக முடியாது. அதே ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி, 1912-ல் கட்டிய சயான் ரயில்வே மேம்பாலத்தை இடித்துக் கட்டுவதற்காக மூடினார்கள். பாலம் பழுதாகிவிட்டது, மூடவேண்டியதுதான். ஆனால் எதைத் திறக்க எவ்வளவு அவசரம், எதைக் கட்டி முடிக்க எவ்வளவு நிதானம் என்பதை நடப்பவர்கள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சயான் ஸ்டேஷனின் பெயர்ப்பலகையில் மராத்தியில் 'ஷீவ்' என்று எழுதியிருக்கும். ஷீவ் என்றால் எல்லை. பம்பாய்த் தீவு ஆங்கிலேயர் கையிலும், வடக்கே சால்செட் போர்ச்சுகீசியர் கையிலும் இருந்த காலத்தில் எல்லை இங்கேதான் ஓடியது. ஸ்டேஷனுக்குக் கிழக்கே சின்னக் குன்றின்மேல் சிதைந்து நிற்கும் சயான் கோட்டை, 1669 முதல் 1677 வரை கவர்னராக இருந்த ஜெரார்ட் ஆஞ்சியர் காலத்துக் காவல் அரண். காலையில் அங்கே கல்லூரி ஜோடிகளும் கிரிக்கெட் பந்துகளும்தான். 1737-ல் மராத்தியர்கள் தானேயைப் பிடித்தபோது ஆங்கிலேயர்களுக்குக் கிலி பிடித்தது. அதே ஆண்டு கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவில் மிட்டி ஆற்றங்கரையில் இன்னொரு கோட்டை எழுந்தது. காலா கில்லா, கறுப்புக் கோட்டை. தாராவியின் குடிசைகளுக்கும் ஒர்க்ஷாப்புகளுக்கும் நடுவே, குப்பைக்குப் பின்னால், கல்வெட்டோடு இன்னும் நிற்கிறது. அதன் பெயரில் பஸ் நிறுத்தம் இருக்கிறது. அங்கே இறங்குகிறவர்களில் கோட்டையைத் தேடிப் போகிறவர் அபூர்வம்.

கோட்டைகளின் எல்லை போய்விட்டது. தண்டவாளத்தின் எல்லை இருக்கிறது.

ஸ்டேஷன் நடைபாலத்தில் ஏறி மேற்கே இறங்கினால் தாராவி. சதுர கிலோமீட்டர் கணக்கில் இரண்டுக்குச் சற்று மேல். அதற்குள் ஆறு லட்சம் பேர் என்றும் பத்து லட்சம் பேர் என்றும் ஆளுக்கொரு கணக்கு. இதைச் 'சேரி' என்ற ஒரே சொல்லில் அடைப்பது கண்ணை மூடிக்கொண்டு நடப்பதற்குச் சமம். 1909-ம் ஆண்டு அரசிதழ் பம்பாயின் ஆறு பெரிய கோலிவாடாக்களில் ஒன்றாகத் தாராவியைக் குறிப்பிட்டது. மீனவக் கோலிகள் இந்த மண்ணின் முதல் குடிகள். முதல் தோல் பதனிடும் ஆலை வந்தது 1887-ல். அதே ஆண்டு பெரிய மசூதி. தோல் வேலைக்குத் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்களும் ஆதிதிராவிடர்களும் வந்தார்கள். மளிகைக் கடையோடு நாடார்கள் வந்தார்கள். இங்கே இருக்கும் பழைய பிள்ளையார் கோயில் 1913-ல் எழுந்தது. ஆஸ்திக சமாஜத்துக்குப் பத்து வருடம் மூத்தது. மாட்டுங்காதான் மும்பைத் தமிழின் தாய்வீடு என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இந்தத் தேதியைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

தாராவியின் 90 அடி சாலையில் காலை எட்டு மணிக்கு நிற்பவருக்கு ஊர் நினைப்பு வராமல் போகாது. தமிழ் போர்டுகள், தினத்தந்தி, பரோட்டாக் கல், நல்லெண்ணெய், கருப்பட்டி, காமராஜர் பெயரில் பள்ளி. பேச்சில்தான் மும்பை கலந்திருக்கும். 'கல்லிக்குள்ள போயி லெஃப்ட்ல நாக்கா வரும்' என்று வழி சொல்வார்கள். வழி சொல்வதில் தாராவிக்காரர்களுக்கு நிகர் இல்லை. பாதித் தூரம் கூடவே வந்துவிடுகிறார்கள்.

அங்கிருந்து கும்பார்வாடா. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்களின் பேட்டை. முற்றத்தில் பொதுச் சூளை, சுற்றிலும் வீடு, வீட்டு வாசலில் சக்கரம். ஜனவரிக் காலையில் ஈரமண் பானைகள் வெயிலுக்காக வரிசைகட்டிக் காத்திருக்கும். சூளைக்கு எரிபொருள் பஞ்சுக் கழிவும் துணிக் கந்தலும். புகை மேலே எழாமல் கூரை மட்டத்தில் படர்ந்து நிற்கும், கண் எரியும். ஒரு சட்டியை விரல் மடக்கித் தட்டிப் பார்த்து, 'ணங்' என்று வந்தால் கொடுப்பார்கள், 'தப்' என்று வந்தால் ஓரம் தள்ளுவார்கள். அந்தப் பானைகள்தான் தை முதல் நாள் தாராவித் தெருவில் பொங்குகின்றன. நடுச்சாலையில் செங்கல் அடுப்புகள் வரிசையாக, கரும்பு கட்டி, கோலம் போட்டு, நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நேரத்தில் பொங்கல் வைக்கும் காட்சி ஒவ்வொரு ஆண்டும் மும்பைப் பத்திரிகைகளில் படமாக வருகிறது. குஜராத்திக் குயவர் வனைந்த பானையில் தமிழ்ப் பெண் பொங்க, பக்கத்துவீட்டு மராத்திக்காரர் எள்ளுருண்டை கொடுத்து இனிப்பாகப் பேசச் சொல்கிற நாள் அது.

தாராவிக்குள் நடப்பதற்கு ஒரு நாகரிகம் வேண்டும். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்துக்குப் பிறகு வெளிநாட்டுக்காரர்களுக்கு இது சுற்றுலாத் தலமாகிவிட்டது. வழிகாட்டி அழைத்துப் போகும் நல்ல நிறுவனங்கள் படம் எடுக்கக்கூடாது என்று நிபந்தனை போடுகின்றன, சரி. ஆனால் வழிகாட்டியோடு போகிற வெள்ளைக்காரரைவிட, கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிற நம்மவர்கள்தான் தாராவியைக் குறைவாக அறிந்தவர்கள். 'நாயகன்' பார்த்திருப்பார்கள், 'காலா' பார்த்திருப்பார்கள். ரௌடியும் ரஜினியும் இல்லாத தாராவி ஒன்று இருக்கிறது. கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் அப்பளம் காயவைக்கும் பெண்களும், பழைய பிளாஸ்டிக்கைக் கடித்துப் பார்த்து ரகம் பிரிக்கும் பையன்களும், பெல்ட்டுக்கு ஓட்டை போடும் கிழவர்களும் உள்ள தாராவி. அங்கே வேடிக்கை பார்க்கப் போகக்கூடாது, வாங்கப் போகலாம். தோல்பை, பானை, முறுக்கு, எதுவானாலும். வாடிக்கையாளருக்கு இந்த ஊரில் எப்போதும் ஒரு ஸ்டூல் உண்டு.

சரி, இரண்டு பக்கமும் சேர்ந்ததே இல்லையா? சேர்ந்ததுண்டு. கிங்ஸ் சர்க்கிளின் அரோரா தியேட்டரில் ரஜினி படம் வெளியாகும் விடியற்காலையில் தாராவி மொத்தமும் தண்டவாளம் தாண்டி வந்து பால் ஊற்றும். இருட்டில் யார் எந்தப் பக்கம் என்று தெரியாமல் விசில் பறக்கும். விளக்கு எரிந்ததும் அவரவர் திசையில் போய்விடுவார்கள். கர்நாடக சங்கீதத்தால் முடியாததை முதல்நாள் முதல் காட்சி செய்தது என்றால் வித்வான்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது.

இந்த நடையைத் தள்ளிப்போட முடியாத காரணம் ஒன்று வந்து நிற்கிறது. 2004-லிருந்து இழுபட்ட தாராவி மறுசீரமைப்புத் திட்டத்தை 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்டு அதானி குழுமம் எடுத்தது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. வாசல்களில் எண் எழுதிப் போனார்கள். 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடியில் இலவச வீடு. அதற்குப் பின் வந்தவருக்கும், ஏணி வைத்து ஏறும் மாடியறையில் இருப்பவருக்கும் வேறு கணக்கு, வேறு இடம். நல்ல வீடும் தனிக் கழிப்பறையும் வேண்டும் என்பதில் தாராவிக்காரர்களுக்கு இரண்டு கருத்து கிடையாது. வாளியோடு வரிசையில் நிற்பதில் எந்த அழகும் இல்லை. கணக்கெடுப்பில் வராதது வாசல். இட்லி ஆறவைப்பதும், அப்பளம் காய்வதும், சூளைக்குப் பானை காத்திருப்பதும் அந்த நாலடி வாசலில்தான். பதினைந்தாவது மாடியில் வாசல் கிடையாது, காரிடார்தான்.

மூன்றாவது இடம் செம்பூர். சயானிலிருந்து அங்கே நடந்து போவது வீண் வைராக்கியம். மேம்பாலங்களும் நெடுஞ்சாலையும் மனிதனைச் சின்னப் பூச்சியாக்கிவிடும். குர்லா போய் ஹார்பர் லைனில் மாறிக்கொள்ளலாம். அந்த லைனுக்கே ஒரு கதை உண்டு. 1906-ல் குர்லாவிலிருந்து செம்பூருக்குப் போட்ட பாதையில் ஓடியது பம்பாயின் குப்பை. மனிதர்களை ஏற்ற ஆரம்பித்தது 1924-ல்தான். பிரிவினைக்குப் பின் சிந்தி அகதிகள் முகாம், 1950களில் டிராம்பேயில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், அணுசக்தி நிலையம். அவற்றின் வேலைகளுக்காக இன்னொரு தமிழ் அலை. செம்பூர்த் தமிழர் என்றால் பென்ஷன் வாங்கும் இன்ஜினியர் என்பது மும்பையில் ஒரு வாடிக்கையான கேலி. சேடா நகரில் படியேறிப் பார்க்கவேண்டிய முருகன் கோயில் இருக்கிறது. ஊர்ப் பெயரோடு ஒட்டித் 'திருச்செம்பூர்' என்று சூட்டிக்கொண்ட சாமர்த்தியத்தைப் பாராட்ட வேண்டும். 1948-ல் ராஜ் கபூர் தொடங்கிய ஆர்.கே. ஸ்டூடியோ 2017-ல் தீக்கிரையாகி, பிறகு கட்டுமான நிறுவனத்துக்குக் கைமாறியதும் இதே செம்பூரில்தான்.

முருகன் கோயிலோடு செம்பூரை முடித்துக்கொள்கிறவர்கள் பாதிதான் பார்த்தவர்கள். மீதி, டிராம்பே ஓரத்தில் இருக்கும் சீட்டா கேம்ப். அணுசக்தி நிலையத்தை ஒட்டி ஜனதா காலனி என்று ஒரு பெரிய குடியிருப்பு இருந்தது. தமிழர்கள் ஏராளம். 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், அதை இடித்து ஜனங்களைச் சதுப்பு ஓரத்துக்கு மாற்றினார்கள். எதிர்த்துப் போராடியவர் ஜோக்கின் அற்புதம். கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்க வந்த தச்சர். ஜனதா காலனிக் குப்பையை மாநகராட்சி அள்ளவில்லை என்று, பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பை கொடுத்து நடத்திக் கூட்டிப் போய் அலுவலக வாசலில் கொட்டவைத்த கதையை அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார். மும்பையில் நடந்த நடைப்பயணங்களில் அதற்கு ஈடு இல்லை. தேசிய குடிசைவாழ்வோர் கூட்டமைப்பைக் கட்டினார், 2000-ல் மகசேசே விருது பெற்றார், 2018-ல் காலமானார். தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

அந்தப் பக்கத்திலேயே தேவ்னார் குப்பைமேடு. 1927-லிருந்து மும்பை தன் கழிவைக் கொட்டும் இடம். தாராவியில் 'தகுதி இல்லை' என்று ஆகிறவர்களுக்கு வீடு கட்ட அதில் 124 ஏக்கரை ஒதுக்குவதாக 2024-ல் முடிவெடுத்தார்கள். குப்பை ரயில் போன அதே திசையில், ஜனதா காலனியை இடித்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்குப் பிறகு, இன்னொரு கூட்டம் போகவேண்டும் என்கிறது திட்டம். ஒரே நாளில் மூன்று ஊரையும் நடந்து பார்த்தவருக்கு இதை விளக்க நிபுணர் தேவைப்படாது.

மாட்டுங்காவில் சபை இருக்கிறது, கல்விச் சங்கம் இருக்கிறது, பிரசுரம் போடப் பணமும் படிப்பும் இருக்கிறது. தாராவியில் நூறாண்டு நினைவு இருக்கிறது. சொல்லக் கிழவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாநகராட்சிப் பள்ளிகள் எட்டு மொழிகளில் நடக்கின்றன, அதில் தமிழும் ஒன்று. அந்தப் பிள்ளைகளிடம் ஆளுக்கு ஒரு நோட்டைக் கொடுத்து, அவர்கள் சந்தில் யார் எந்த வருடம் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்று எழுதி வரச் சொல்லலாம். இடிப்பதற்கு முன் செய்ய வேண்டிய கணக்கெடுப்பு அதுவும்தான். வேறொன்றும் முடியாவிட்டால், இந்தப் பொங்கலன்று காலை மார்கழி முடிந்த கையோடு சண்முகானந்தா அரங்க வாசலில் கூடி, 90 அடி சாலைவரை நடந்து போய், பொங்குகிற பானை முன்னால் நின்றுவிட்டு வரலாம். சயான் ஸ்டேஷன் நடைபாலத்தில் ஏறி இறங்க நாலு நிமிடம் ஆகும்.